ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ்

டவுன்ஹால் ரோட்டு மாடிக் கடையில்
கவுனை விரித்துக் காட்டிய பையன்
என் வயிற்றைப் பார்க்காமலே சொன்னான்:
"எல்லாம் ஒரே சைசுதான்க்கா.
முன்னாடி எலாஸ்டிக்கு."
நாள் வாடகை எண்ணூறு, அட்வான்ஸ் ஐந்நூறு.
கறை பட்டால் அட்வான்ஸ் திரும்பாது.
விரலைத் துடைத்துக்கொண்டுதான்
கையெழுத்துப் போட்டேன்.

ஞானஒளிவுபுரம் ஜெரால்டு
வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பியிருந்தான்.
கறுப்பு வேண்டாம்.
கண்ணாடி வளையல் வேண்டாம், வெளிச்சம் தெறிக்கும்.
முதல் நாள் நன்றாகத் தூங்கவும்.
தூக்கமா?
முப்பத்து நான்காம் வாரத்தில்
இடப்பக்கமிருந்து வலப்பக்கம் திரும்புவது
பெரியார் நிலையத்தில் ஏறி
மாட்டுத்தாவணி போகிற மாதிரி,
எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று.

வளையல் கதை வேறு.
போன மாதம் ஏழு பேர் கூடிப் போட்டுவிட்டது,
பச்சையும் சிவப்புமாய், கைக்குப் பதினொன்று.
பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது.
கழற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன்,
யாருக்கும் தெரியவில்லை.
நேற்று ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு
சோப்பு நுரையில் ஒன்றை இறக்கிப் பார்த்தேன்.
மணிக்கட்டு வீங்கி
எலும்பு இருக்கிற இடமே காணோம்.
உள்ளே இருப்பது அந்தச் சத்தத்துக்கு
ஒருமுறை புரண்டு படுத்தது.
"வளையல் வராது தம்பி" என்று போட்டேன்.
"பரவால்லக்கா, கைய பின்னாடி கட்டிக்கலாம்."
மறு நிமிஷம் இன்னொன்று:
"இல்லக்கா, கை வயித்துல இருக்கணும்ல."

ஒரு கை மேலே, ஒரு கை அடியில்.
இது எனக்குப் புதிதில்லை.
வெண்கலக்கடைத் தெருவில் நான் பில் போடும் கடைக்கு
குடம் வாங்க வருகிறவர்கள்
இப்படித்தான் ஏந்திப் பார்ப்பார்கள்,
தராசை நம்பாமல்.
ஸ்கேனில் இரண்டு கிலோ நூறு என்றார்கள்.
எங்கள் கடையில் அது சின்னக் குடம்.

அடுப்படியில் ஒத்திகை.
சிலிண்டருக்கும் கிரைண்டருக்கும் நடுவில்
சேவுகப்பெருமாள் மண்டி போட வேண்டும்,
வயிற்றில் நெற்றி வைத்துக் கண்ணை மூட வேண்டும்.
மெட்டி போடக் குனிந்தவன்,
அதற்கப்புறம் இன்றுதான்.
"வெளிய வச்சா இதெல்லாம்? ஆளு பாக்கும்ல."
"கீழக்குயில்குடில ஆறு மணிக்கு யாரு இருப்பா?"
"அய்யனார் இருக்காரு."
அவர் பேரையே வைத்துக்கொண்டு
அவருக்கே கூச்சப்படுகிறான்.
நெற்றிக்குப் பதில் காதை வைத்தான்.
வெகுநேரம் எடுக்கவில்லை.
"என்னமோ பேசுது."
"அது பிள்ள இல்ல. பசி."

நாலே கால் மணி.
கவுனை மாட்டியாகிவிட்டது, முதுகில் பதினாறு கொக்கி,
இனிக் கழற்றுகிற பேச்சில்லை.
கழுத்தில் துண்டைக் கட்டி
ராத்திரி இட்லியை ஊட்டிவிடுகிறான்.
தக்காளிச் சட்னி.
துண்டின் அகலம் வயிற்றின் அகலத்துக்குக் காணவில்லை.

ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு.
தண்ணீர் தொட்டுத் துடைக்கத் துணியைப் புரட்டினால்
உள்பக்கம், இடுப்புக்குச் சற்றுக் கீழே,
ஒரு கட்டைவிரல்.
மருதாணி. எத்தனை சலவை கண்டதோ,
வெந்த ரொட்டி நிறத்துக்கு வந்திருக்கிறது.
கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
அவசரமாக எங்கேயோ போயிருக்கிறாள்.
எங்கே என்று எனக்குத் தெரியும்.
நானும் அங்கே மூன்று தடவை போய்வந்துவிட்டேன்.
அவளுக்கு இந்நேரம் பிள்ளை தவழலாம்.
பேர் வைத்திருப்பார்கள்.
அட்வான்ஸ் திரும்பி வந்திருக்குமா?

என் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன்.
அவளுடையது சிறியது.
அல்லது அவளுக்கு வீக்கம் வரவில்லை.

சட்னியைப் படமெடுத்து அனுப்பினேன்.
"இடது பக்கம் திரும்பி நின்னா தெரியாதுக்கா,
கெளம்புங்க, வெளிச்சம் வந்துரும்."

புதுச் செருப்புக்குள் கால் போகவில்லை.
பழையதுக்குள்ளும் போகவில்லை.
சேவுகப்பெருமாளின் ரப்பர் செருப்பு, பத்தாம் நம்பர்,
ஒரு காதில் ஊக்கு குத்தியது,
அதைப் போட்டுக்கொண்டு படியிறங்குகிறேன்.
வளையல் சுவரில் இடிக்கிறது.
உள்ளே இருந்து பதில் வருகிறது.
கவுன் தரைவரை இருக்கிறது,
யாருக்கும் தெரியாது.
அய்யனார் குனிந்து பார்த்தால்
பார்த்துக்கொள்ளட்டும்.